ஒன்பதும் ஆறும்

1665 ஆகஸ்ட் 30. லண்டனைப் பிளேக் தின்றுகொண்டிருந்த நேரம். கடற்படை அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்த சாமுவேல் பீப்ஸ், தன் பங்கின், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியின், எழுத்தரை வழியில் பார்த்தார். நோய் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். கூடிக்கொண்டேதான் போகிறது என்றார் எழுத்தர். கூடவே, கேட்காத ஒன்றையும் சொல்லிவிட்டார்: இந்த வாரம் நம் பங்கில் இறந்தது ஒன்பது பேர், கணக்கில் எழுதிக் கொடுத்தது ஆறு.

பீப்ஸ் நாட்குறிப்பு எழுதுகிறவர். எழுத்தர் சொன்னது அதில் ஏறிவிட்டது. இல்லாவிட்டால் அந்த மூன்று பேர் இறந்தது மட்டுமல்ல, மறைக்கப்பட்டதும் யாருக்கும் தெரிந்திருக்காது. கொள்ளைநோய் நுழைந்த எந்த ஊரின் கணக்கைப் புரட்டினாலும் அந்த மூன்று பேர் இருக்கிறார்கள், அதாவது இல்லாமல் இருக்கிறார்கள். அவர்கள் எங்கே போகிறார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம்.

லண்டன் நகரத்துக்கு அப்போதே ஒரு தகவல் ஏற்பாடு இருந்தது. 1603 முதல் வாரம் தவறாமல் வெளிவந்த இறப்புச் சீட்டு. ஒவ்வொரு பங்கிலும் எத்தனை பேர் புதைக்கப்பட்டார்கள், அதில் பிளேக்கால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு பக்கம். என்னென்ன காரணத்தால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மறுபக்கம். கீழே அந்த வாரத்து ரொட்டி விலை. செவ்வாய் இரவு பங்கு எழுத்தர்கள் தங்கள் கணக்கைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். புதன்கிழமை அச்சாகும். வியாழக்கிழமை கைக்கு வரும். ஒரு பிரதி ஒரு பென்னி. வருடச் சந்தா நான்கு ஷில்லிங். பணக்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் நேரம் வந்துவிட்டதா என்று அதைப் பார்த்து முடிவெடுத்தார்கள். வியாபாரிகள் இந்த வாரம் சரக்கு போகுமா போகாதா என்று கணக்குப் போட்டார்கள். 2020இல் காலையில் எழுந்ததும் எத்தனை பேருக்குத் தொற்று என்று செல்போனைத் தடவியவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதாகத் தெரியாது.

சீட்டில் ஏறும் காரணத்தை முடிவு செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். ஏழைக் கிழவிகள். பங்கின் தர்மப் பணத்தில் பிழைத்த பெண்களைப் பிடித்து, சத்தியம் வாங்கிக்கொண்டு, பிணம் பார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள். சாவு மணி அடித்தால் போக வேண்டும், உடலைப் பார்க்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். ஒரு பிணத்துக்குக் கூலி நான்கு பென்னி. பிளேக் காலத்தில் கையில் சிவப்புக் கோல் பிடித்துக்கொண்டு, மற்றவர்களோடு ஒட்டாமல் தெருவில் நடக்க வேண்டும். நோயைப் பற்றி நகரத்துக்குத் தெரிந்ததெல்லாம் இந்தப் பெண்கள் வழியாக வந்ததுதான். ஒரு கோப்பை பீரும் இரட்டைக் கூலியும் கொடுத்தால் அவர்கள் கண்ணில் மூடுபனி விழுந்துவிடும் என்று அக்காலத்திலேயே கிண்டல் இருந்தது.

ஆனால் லஞ்சத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் விஷயம் தப்பிவிடும். லஞ்சம் ஏன் கொடுத்தார்கள்? பிளேக் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டால் வீட்டுக் கதவில் ஓர் அடி உயரச் சிவப்புச் சிலுவை வரையப்படும். ஆண்டவரே எங்கள்மேல் இரக்கமாயிரும் என்று மேலே எழுதுவார்கள். வெளியே பூட்டு விழும், காவல் நிற்கும். நோயாளியோடு நோயில்லாதவர்களும் வாரக்கணக்கில் உள்ளே கிடக்க வேண்டும். அந்தப் பூட்டு எத்தனையோ வீடுகளுக்குச் சாவுச் சீட்டாகவே முடிந்தது. கதவில் சிலுவை விழக் கூடாது என்றால் கிழவி வேறு காரணம் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்று எழுதலாம், குடல் வலி என்று எழுதலாம். அந்த ஆண்டில் லண்டனில் இந்த நோய்களெல்லாம் திடீரென்று பெருகிவிட்டன.

செப்டம்பர் 19ஆம் தேதியோடு முடிந்த வாரத்தில் மட்டும் பிளேக் சாவு 7,165 என்றது சீட்டு. ஆண்டு முழுவதற்கும் 68,596. உண்மையில் ஒரு லட்சத்தை நெருங்கியிருக்கும் என்று வரலாற்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். பீப்ஸுக்கே சந்தேகம் இருந்தது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் 6,102 என்று அச்சான எண்ணை எழுதிவிட்டு, உண்மை பத்தாயிரத்தை ஒட்டி இருக்கும் என்று சேர்த்துக்கொண்டார். ஏழைகளை யாரும் எண்ணுவதில்லை. குவேக்கர் பிரிவினர் தங்கள் சாவுக்கு மணி அடிக்க விடுவதில்லை. மணி அடிக்காவிட்டால் கிழவி வரமாட்டாள், கிழவி வராவிட்டால் கணக்கு இல்லை.

விட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு வழி சொன்னவர் ஜான் கிரான்ட், லண்டனில் துணிமணிச் சில்லறைச் சாமான் விற்ற வியாபாரி. பழைய இறப்புச் சீட்டுகளை வருடக்கணக்கில் சேர்த்து வைத்து, கடைக்காரர் பேரேட்டைச் சரிபார்ப்பதுபோல உட்கார்ந்து கணக்குப் போட்டு, 1662இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1625ஆம் ஆண்டுப் பிளேக்கை எடுத்துக்கொண்டார். பிளேக்கால் இறந்தவர்கள் 35,417 என்று சீட்டு சொன்னது. மற்றக் காரணங்களால் இறந்தவர்கள் பதினெட்டாயிரத்துக்கும் மேல். கிரான்ட் இங்கேதான் நிறுத்தினார். அதற்கு முன்னும் பின்னும் உள்ள சாதாரண ஆண்டுகளில் லண்டனில் மொத்தமாகவே ஏழாயிரம் எட்டாயிரம் பேர்தான் இறந்தார்கள். அப்படியென்றால் அந்த ஆண்டில் மட்டும் கூடுதலாக வந்த பதினோராயிரம் காய்ச்சலும் குடல் வலியும் எங்கிருந்து வந்தன? அவையும் பிளேக்தான் என்றார்.

நோயின் பெயரை மாற்றி எழுதலாம், ஆனால் பிணத்தைப் புதைக்காமல் இருக்க முடியாது என்பதுதான் இதன் சூட்சுமம். சாவின் மொத்த எண்ணிக்கையை எடுத்து, வழக்கமாக வரவேண்டியதைக் கழித்தால் மிச்சம் நிற்பது நோயின் பங்கு. இன்று பொதுச் சுகாதாரத் துறையினர் மிகை இறப்பு என்று சொல்வது இந்தக் கழித்தல் கணக்கைத்தான். முந்நூற்று அறுபது ஆண்டுகளில் கருவிகள் மாறியிருக்கின்றன, கழித்தல் மாறவில்லை.

லண்டனில் மக்கள் நகரத்திடம் மறைத்தார்கள். 1918இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்தது தலைகீழ்.

அந்த ஆண்டு செப்டம்பர் 7 அன்று பாஸ்டனிலிருந்து மாலுமிகள் சுமார் 300 பேர் பிலடெல்பியாவின் கடற்படைத் தளத்தில் வந்து இறங்கினார்கள். கூடவே இன்ஃப்ளூயன்சாவும் இறங்கியது. இரண்டு வாரத்தில் கடற்படை மருத்துவமனை நிரம்பியது. நகரப் பொதுச் சுகாதாரத் துறையின் தலைவர் வில்மர் குரூசன், மகளிர் மருத்துவர். நல்ல மனிதர் என்று பெயர். இந்த நோயைக் கண்டால் மருத்துவர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று செப்டம்பர் 21ஆம் தேதிவாக்கில் உத்தரவும் போட்டார். ஆனால் ஒரு வாரத்தில், 28ஆம் தேதி, போர் நிதிப் பத்திரம் விற்க மாபெரும் ஊர்வலம் ஒன்று குறித்திருந்தது. நாடு முதல் உலகப் போரில் இருந்தது. போருக்கு எதிராகப் பேசினால் சிறை என்று அந்த ஆண்டில்தான் சட்டம் வந்திருந்தது. ஊரைக் கலங்கடிக்கும் செய்தி எதையும் பத்திரிகைகள் பெரிதாகப் போடாத காலம். மருத்துவர்கள் சிலர் ஊர்வலத்தை நிறுத்தச் சொன்னார்கள். குரூசன் நிறுத்தவில்லை.

பிராட் வீதியில் சுமார் இரண்டு லட்சம் பேர் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மூன்று நாளில் மருத்துவமனைகளில் படுக்கை இல்லை. அக்டோபர் 3ஆம் தேதி பள்ளிகளும் தேவாலயங்களும் திரையரங்குகளும் மூடப்பட்டன. அக்டோபர் 10 அன்று ஒரே நாளில் 759 பேர் இறந்தார்கள். ஆறு வாரத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். சவப்பெட்டி கிடைக்கவில்லை, குழி வெட்ட ஆள் கிடைக்கவில்லை.

அந்தக் கட்டத்தில் நகரம் தன் வாயைத் திறந்தது. எச்சில் சாவைப் பரப்பும் என்ற பொருளில் டிராம்களில் அட்டைகள் தொங்கின. பொருத்தமான எச்சரிக்கைதான், மூன்று வாரம் தாமதம். ஒரு பெரிய துணிக்கடையின் தொலைபேசி இணைப்பகத்தைக் கேட்டு வாங்கி, ஃபில்பர்ட் 100 என்ற ஒரே எண்ணைப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து, இரவும் பகலும் ஆள் போட்டார்கள். மருத்துவர் வேண்டுமா, செவிலியர் வேண்டுமா, சோறு வேண்டுமா, அந்த எண்ணைக் கூப்பிடலாம். இன்றைய 104, 108 எண்களின் மூதாதை என்று அதைச் சொல்லலாம். ஆனால் அந்தக் காலத்துத் தொலைபேசியில் ஒவ்வொரு அழைப்பையும் ஒரு பெண் உட்கார்ந்து கையால் இணைக்க வேண்டும். அந்தப் பெண்களும் நூற்றுக்கணக்கில் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். அவசரம் இல்லாவிட்டால் போன் செய்யாதீர்கள் என்று தொலைபேசி நிறுவனமே விளம்பரம் கொடுக்க வேண்டியதாயிற்று. பேச வேண்டிய நேரத்தில் நகரம் பேசவில்லை. பேச வந்தபோது பேச்சைக் கொண்டுபோகும் கம்பியில் ஆள் இல்லை.

மேற்கே மிசிசிப்பி ஆற்றங்கரையில் செயின்ட் லூயிஸ். அங்கே சுகாதார ஆணையர் மேக்ஸ் ஸ்டார்க்லாஃப். நோய் ஊருக்குள் வருவதற்கு முன்பே, இன்ஃப்ளூயன்சாபோலத் தெரிந்தால் எனக்குத் தெரிவியுங்கள் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டார். அக்டோபர் முதல் வாரத்தில் தகவல்கள் வரத் தொடங்கின. அவர் மேயரைப் பார்த்தார். அக்டோபர் 7 அன்று உத்தரவு வந்தது: பள்ளி, திரையரங்கு, தேவாலயம், பொதுக் கூட்டம் எல்லாம் மூடல். வியாபாரிகள் கத்தினார்கள். அவர் பிடி தளர்த்தவில்லை. நவம்பரில் தளர்த்தியபோது நோய் திரும்பவும் தலைதூக்கியது, திரும்பவும் மூடினார்.

2007இல் வெளியான ஓர் ஆய்வு இரண்டு ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. நோய் உச்சத்தில் இருந்த வாரத்தில், பிலடெல்பியாவில் ஒரு லட்சம் பேருக்கு 257 பேர் இறந்திருந்தார்கள். செயின்ட் லூயிஸில் 31. முதல் நோயாளிகள் தென்பட்டதற்கும் ஊரை மூடியதற்கும் இடையே பிலடெல்பியா எடுத்துக்கொண்ட நேரம் சுமார் இரண்டு வாரம் அதிகம். கதவுகளை மூடியதுதான் உயிர்களைக் காப்பாற்றியது என்று வாதிடலாம், சரியும்கூட. ஆனால் எப்போது மூடுவது என்று ஸ்டார்க்லாஃபுக்குத் தெரிந்தது, மருத்துவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்ததால்தான்.

இரண்டு வாரம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? மேட்டூரில் மதகைத் திறந்தால் கல்லணையில் தண்ணீர் தெரிய மூன்று நாலு நாள் ஆகும். கல்லணையில் நின்று நீர்மட்டத்தைப் பார்க்கிறவருக்குத் தெரிவது இன்றைய மேட்டூர் அல்ல, நாலு நாளுக்கு முந்தைய மேட்டூர். மாநகராட்சி ஒன்று மாலையில் வெளியிடும் தொற்று எண்ணும் அப்படித்தான். கொரோனாவை எடுத்துக்கொள்வோம். கிருமி உடலில் புகுந்து காய்ச்சலாக வெளிப்பட ஐந்து நாள் ஆகும். நாளைக்குச் சரியாகிவிடும் என்று பார்த்திருப்பது இரண்டு நாள். மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்து முடிவு வர ஒன்றிரண்டு நாள். பட்டியலில் ஏற இன்னும் ஒரு நாள். இன்றைய எண் என்று படிப்பது பத்து நாளுக்கு முந்தைய ஊர். ஐந்து நாளுக்கு ஒருமுறை நோய் இரட்டிக்கிறது என்றால், 500 பேருக்குத் தொற்று என்று அறிவிக்கும் நாளில் உண்மையில் தினமும் 2,000 பேருக்குப் பரவிக்கொண்டிருக்கும். சாவு எண்ணிக்கை இன்னும் பிந்தியது, மூன்று வாரம்கூட ஆகும். தாமதத்தை முழுவதும் ஒழிக்க முடியாது. காய்ச்சல் வந்தவர் பயந்து இரண்டு நாளுக்குப் பதில் ஆறு நாள் வீட்டில் ஒளிந்திருந்தால் அது கூடும். தயங்காமல் வந்தால் குறையும். பயத்தை நாள் கணக்கில் அளக்கலாம் என்பதை நோய்ப்பரவலியல் படித்தவர்கள் நன்றாக அறிவார்கள்.

2015 மே 20 அன்று தென்கொரியாவில் மெர்ஸ் என்ற சுவாசத் தொற்று நோய் உறுதியானது. மேற்காசியாவில் பயணம் செய்து திரும்பிய ஒருவர் கொண்டுவந்த கிருமி, ஊருக்குள் பரவியதைவிட மருத்துவமனைக்குள் அதிகம் பரவியது. சியோலின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் மே 27 முதல் 29 வரை இருந்த ஒரே நோயாளியிடமிருந்து 82 பேருக்குத் தொற்றியது. எந்த மருத்துவமனை என்று மக்களுக்குத் தெரிந்திருந்தால் காய்ச்சல் வந்தவர்கள் அந்தப் பக்கம் போயிருக்கமாட்டார்கள். போய்வந்தவர்கள் தாமாகவே சோதனைக்கு வந்திருப்பார்கள். மத்திய அரசு பெயரை வெளியிட மறுத்தது. வீண் பீதி கிளம்பும், மருத்துவமனைகள் நோயாளிகளை ஏற்கத் தயங்கும் என்றது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மருத்துவமனைப் பெயர்கள் செல்போன் செல்போனாகச் சுற்றின. ஜூன் மாதத் தொடக்கத்தில் தனியார் சிலர், மக்கள் அனுப்பிய தகவலை வைத்து இணையத்தில் மெர்ஸ் வரைபடம் ஒன்றையே போட்டுவிட்டார்கள். அரசு செய்ய வேண்டிய வேலையை வதந்தியும் தன்னார்வமும் பாதிப் பாதியாகச் செய்தன.

ஜூன் 4ஆம் தேதி இரவு பத்து மணிக்கு மேல் சியோல் மேயர் பார்க் வொன் சூன் பத்திரிகையாளர்களை அவசரமாகக் கூட்டினார். நோய் உறுதியான மருத்துவர் ஒருவர் மே 30 அன்று 1,565 பேர் கூடிய குடியிருப்போர் கூட்டத்தில் இருந்தார். அத்தனை பேரையும் நகராட்சி தொடர்புகொள்ளும் என்றார். மத்திய அரசு கொதித்தது. மேயர் அரசியல் செய்கிறார், பீதியைக் கிளப்புகிறார் என்றார்கள். அந்த மருத்துவரே அன்று தனக்கு அறிகுறி இல்லை என்று மறுத்தார். விவரத்தில் மேயர் அவசரப்பட்டார் என்று சொல்ல இடமுண்டு. ஆனால் மூன்றே நாளில், ஜூன் 7 அன்று, மத்திய அரசு 24 மருத்துவமனைகளின் பெயரை வெளியிட்டது. அதிலும் பிழைகள், சில மணி நேரத்தில் திருத்தம். 186 பேருக்குத் தொற்றி 38 பேர் இறந்த பிறகு அந்த அலை அடங்கியது. அதற்குள், ஜூலை மாதத்தில், தொற்று நோயாளி போன இடம், ஏறிய வண்டி, சேர்ந்த மருத்துவமனை ஆகியவற்றை மக்களுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் வெளிப்படைத்தன்மைக்கு ஒரு வெற்றி விழாவே எடுத்திருக்கலாம். 2020இல் கொரோனா வந்தது. சட்டப்படி கொரிய நகராட்சிகள் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கின: இத்தனை வயது ஆண், இந்த நேரத்தில் இந்த உணவகம், பிறகு இந்த விடுதி. பெயர் இல்லை. ஆனால் வயதும் பாலினமும் வேலையிடமும் தெரிந்தால் அண்டை வீட்டாருக்குப் பெயர் எதற்கு? யாரோடு எங்கே போனார் என்று ஊரே சிரித்தது. நோய் வருவதைவிடச் செய்தியில் வருவதற்கு அதிகம் அஞ்சினார்கள். மனித உரிமை ஆணையத்தின் தலைவர் மார்ச் மாதத்தில் கண்டித்தார். வீட்டு முகவரியையும் பணியிடப் பெயரையும் தேவையில்லாமல் வெளியிடாதீர்கள் என்று வழிகாட்டுதல் வந்தது.

மே மாதம் சியோலின் இத்தேவான் பகுதி இரவு விடுதிகளில் தொற்று பரவியது. அவற்றில் சில தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடும் இடங்கள். ஊடகங்கள் அதைத் தலைப்பாகவே போட்டன. போனவர்கள் பட்டியலில் சுமார் 5,500 பெயர்கள். கூப்பிட்டால் பாதிப் பேர் எடுக்கவில்லை. சோதனைக்குப் போவது என்றால் வீட்டிலும் வேலையிலும் தன்னைக் காட்டிக்கொடுப்பது என்று ஆகியிருந்தது. முன்னூற்றைம்பது ஆண்டுக்கு முன் லண்டனில் கதவில் சிலுவை விழாமலிருக்க நோயை மறைத்தவர்களின் நிலைதான்.

மே 11 அன்று அதே மேயரின் சியோல் நகராட்சி ஒரு காரியம் செய்தது. பெயர் வேண்டாம், போன் எண் மட்டும் போதும், வாருங்கள் என்றது. பெயர் எழுதும் இடத்தில் சோதனை மையத்தின் குறியீடும் ஒரு வரிசை எண்ணும் போட்டார்கள். சோதனைக்கு வருகிறவர்கள் சில நாளிலேயே பல மடங்கு கூடினார்கள். ஐந்து ஆண்டுக்கு முன் சொல்லாமல் விட்டதால் கெட்டதை அந்த நகரம் சொல்லிச் சரிசெய்தது; இம்முறை அதிகம் சொல்லிக் கெட்டதைக் கொஞ்சம் சொல்லாமல் விட்டுச் சரிசெய்தது.

இதே நுட்பம் கேரளத்தில் பத்தனம்திட்ட மாவட்டத்தில் அழகாக அமைந்தது. 2020 பிப்ரவரி 29 அன்று இத்தாலியிலிருந்து ஒரு குடும்பம் கொச்சியில் இறங்கி வீடு வந்தது. ஒரு வாரம் கழித்துத் தொற்று உறுதியானது. அதற்குள் எத்தனையோ இடங்களுக்குப் போயிருந்தார்கள். மாவட்ட நிர்வாகம் பாதைப் படம் ஒன்றை வெளியிட்டது. ஆளுக்குப் பெயருக்குப் பதில் குறியீடு. எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தக் கடை, எந்த அலுவலகம். கீழே கூப்பிட வேண்டிய எண். அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள் தாமாகவே அழைத்தார்கள். இடத்தையும் நேரத்தையும் சொல், ஆளைச் சொல்லாதே என்பது 2018இல் நிபா வைரஸோடு போராடியபோது கேரளம் கற்ற பாடம். அதே மார்ச் மாதத்தில் பக்கத்துக் கர்நாடகத்தில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் வீட்டு முகவரிப் பட்டியலையே வெளியிட்டார்கள். அது யாருக்கு என்ன நன்மை செய்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.

சென்னைக்கு வருவோம். 1688இல் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய மாநகராட்சி. கொரோனாக் காலத்தில் 15 மண்டலம், 200 வார்டு. கொரோனா வந்தபோது 200 வார்டுக்கும் சேர்த்து ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2016இல் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். குழாயில் தண்ணீர் வராவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவதோ அந்த ஆளே இல்லாத நேரத்தில் கொள்ளைநோய் வந்தது. மேலிருந்து கீழே போக அறிவிப்புகளுக்கு ஆயிரம் வழி இருந்தது: ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி, தினமும் மண்டலவாரியாகப் பட்டியல், தலையில் கொரோனா உருண்டை வைத்த ஹெல்மெட்டோடு சாலையில் நின்ற போலீஸ்காரர்கூட. கீழிருந்து மேலே போகும் வழிதான் குறுகலாக இருந்தது.

அந்தக் குறையை மாநகராட்சி ஆள்பலத்தால் அடைக்கப் பார்த்தது. ஆயிரக்கணக்கான களப்பணியாளர்கள் வீடு வீடாக ஏறினார்கள். காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா, மூச்சு வாங்குதா என்று கேட்டு நோட்டில் குறித்தார்கள். வெயிலில் படியேறி இறங்கிய அந்தப் பெண்களில் பலருக்கு வாசலிலேயே பதில் கிடைத்தது: இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. பாதி வீட்டில் அது உண்மை. மீதி வீட்டில் பாராசிட்டமால் தீர்ந்துகொண்டிருந்தது.

காரணம் வாசலிலேயே ஒட்டியிருந்தது. தனிமைப்படுத்தப்பட்ட வீடு, உள்ளே வராதே என்ற ஸ்டிக்கர். நோயாளி இருக்கும் வீட்டுக்கும் சில இடங்களில் தெருவுக்கும் தகரம் அடித்தார்கள். மாநகராட்சியின் எண்ணம் கெட்டதல்ல. பக்கத்து வீட்டுக்காரர் தெரியாமல் உள்ளே போய்விடக் கூடாது என்பதுதான். ஆனால் ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுக்குப் பால்காரர் வரவில்லை, வேலைக்காரம்மா வரவில்லை, ஸ்டிக்கரைக் கிழித்த பிறகும் வரவில்லை. வாடகைக்கு இருப்பவர்களின் பாடு இன்னும் மோசம். ஆகையால் காய்ச்சல் வந்தால் ஊர் தெரியாத மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மூச்சுத் திணறும்வரை பொறுத்தார்கள். மருத்துவமனைக்கு வந்தபோது காலம் கடந்திருந்தது.

இதற்கு மாற்றும் அதே மாநகராட்சியிடம் இருந்தது. ஃபோகஸ் என்ற பெயரில் தன்னார்வலர்களைச் சேர்த்து, தனிமையில் இருக்கும் வீட்டுக்குக் காய்கறி, மளிகை, மருந்து வாங்கிக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். உண்மையைச் சொன்னால் வாசலுக்கு அரிசி வரும் என்றால் சொல்வார்கள், தகரம் வரும் என்றால் சொல்லமாட்டார்கள். இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. 2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி குறிப்பிட்டு உத்தரவிட்டாலொழிய வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்றது. அப்படி ஒட்டச் சொல்லி மத்திய அரசு வழிகாட்டுதல் எதிலும் இல்லை என்பதும் அந்த வழக்கில்தான் வெளிவந்தது.

இனி, காணாமல்போனவர்கள். தமிழக அரசு தினமும் மாலையில் வெளியிட்ட அறிக்கையில் ஒவ்வொரு சாவுக்கும் சில வரிகள் இருந்தன: வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், இணை நோய் என்ன, எப்போது சேர்க்கப்பட்டார், எப்போது இறந்தார். பெயர் இல்லை. இந்தியாவில் பல மாநிலங்கள் வெறும் எண்ணோடு நிறுத்திக்கொண்டபோது இது பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அந்தப் பட்டியலில் வராத சாவுகள் மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் இருந்தன. இரண்டும் அரசுதான், இரண்டு மேசைகள். 2020 ஜூன் மாதம் பத்திரிகைகள் இரண்டையும் ஒப்பிட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட சாவுகள் பட்டியலில் விட்டுப்போயிருந்தன. அரசு குழு போட்டது. ஜூலை 22 அன்று, மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை சென்னையில் நடந்து கணக்கில் வராத 444 மரணங்களைப் பட்டியலில் சேர்த்தார்கள்.

ஒப்புக்கொண்டதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. விட்டுப்போனதை ஒரே நாளில் அறிவித்தால் மறுநாள் தலைப்புச் செய்தி எப்படி இருக்கும் என்று அதிகாரிகளுக்குத் தெரியாதா? தெரிந்தே அறிவித்தார்கள். அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளியது, சுடுகாட்டிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் தன் போக்கில் வந்து சேர்ந்துகொண்டிருந்த மாநகராட்சிப் பதிவேடு. நோயின் பெயரை அது கேட்பதில்லை. யார், எப்போது, எங்கே என்று மட்டும் கேட்கிறது. இறப்புச் சான்றிதழ் இல்லாமல் வாரிசுச் சான்றிதழ் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, வீட்டுப் பட்டா மாறாது. அதனால் ஸ்டிக்கருக்குப் பயந்து நோயை மறைத்த குடும்பமும் சாவை மறைக்க முடியவில்லை. ஒரு பதிவேட்டுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது: தகவல் தருகிறவருக்கே அதில் பயன் இருக்க வேண்டும்.

அந்தப் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் சிலர் கிரான்ட்டின் பழைய கழித்தல் கணக்கைப் போட்டார்கள். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் சென்னையில் வழக்கமாக எத்தனை பேர் இறந்தார்கள், 2020 மார்ச் முதல் 2021இன் இரண்டாம் அலை ஓயும்வரை எத்தனை பேர் இறந்தார்கள். முடிவு 2022இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வெளியானது. வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் 25,990 பேர், ஆயிரம் பேருக்கு ஐந்துக்கும் சற்று மேல். நோயால் இறந்ததாக அறிவிக்கப்பட்ட எண்ணிக்கையைவிட இது பல மடங்கு. 2021 மே மாதம் ஆக்சிஜனுக்கு ஆம்புலன்ஸ் வரிசையில் காத்திருந்த குடும்பங்களுக்கு இந்த எண் ஆச்சரியம் தந்திருக்காது.

ஒன்பது பேர் இறந்து ஆறு என்று எழுதப்பட்ட அந்த லண்டன் வாரத்தில், விட்டுப்போன மூவர் சீட்டில் ஏறவே இல்லை. சென்னையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்த 25,990 பேரின் பெயரும் மாநகராட்சிப் பதிவேட்டில் இருக்கிறது.